கோடோ எஞ்சினில் ஜிடிஸ்கிரிப்ட்: புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

விளையாட்டுகளை உருவாக்க உதவும் கோடோ எஞ்சினில், அதன் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டைக் கொண்டு முதல் விளையாட்டைச் செய்ய உட்காருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் கோடோ 4-க்கானவை. மொழியின் சொற்களையும் எஞ்சின் தரும் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். இரண்டு மூன்று எழுத்து தட்டியதுமே முழுப் பெயரை எடிட்டரே காட்டிவிடும்.

ஜிடிஸ்கிரிப்ட் பைத்தானின் ஒரு வகையா?

இல்லை. பார்க்கத்தான் பைத்தான் மாதிரி இருக்கும், உள்ளே வேறு மொழி. கோடோவைத் தொடங்கிய ஹுவான் லினியெட்ஸ்கியும் ஏரியல் மன்சூரும் ஆரம்ப காலத்தில் லுவா, பைத்தான், ஸ்குவிரல் என்று இருக்கிற மொழிகளை முயன்று பார்த்துவிட்டு, எதுவும் எஞ்சினோடு சரியாக ஒட்டாததால் தங்களுக்கென்று ஒரு மொழியை எழுதினார்கள். 2014-இல் கோடோ எம்ஐடி உரிமத்தில் திறமூலமாக வெளிவந்தபோதே அது உடன் வந்தது. 2023 மார்ச்சில் வந்த 4.0 பதிப்புக்காக அந்த மொழியைப் புதிதாகத் திருத்தி எழுதினார்கள்.

எனவே பைத்தான் நூலகங்களை இங்கே இம்போர்ட் செய்ய முடியாது. பைத்தான் தெரிந்தவருக்குக் கை சீக்கிரம் பழகும். தெரியாதவர் அதைப் படித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று தள்ளிப் போட வேண்டாம், நேராக இங்கேயே தொடங்கலாம்.

ஒரு ஸ்கிரிப்ட் எப்படி இருக்கும்? மிகச் சிறியதாக ஒன்று காட்டுங்கள்.

```
எக்ஸ்டெண்ட்ஸ் ஸ்ப்ரைட்2டி

வார் வேகம் = 200.0

ஃபங்க் _ரெடி():
    ப்ரின்ட்("வந்துவிட்டேன்")

ஃபங்க் _ப்ராசஸ்(டெல்டா):
    பொசிஷன்.எக்ஸ் += வேகம் * டெல்டா
```

ஒரு படத்தை வலப்பக்கம் நகர்த்த இவ்வளவு போதும். முதல் வரி, இந்த ஸ்கிரிப்ட் எந்த வகை நோடில் (ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டுமான உறுப்பும் ஒரு நோடு) ஏறி உட்காருகிறது என்று சொல்கிறது. ஸ்ப்ரைட்2டி-க்கு ஏற்கெனவே இடம், அளவு, சுழற்சி எல்லாம் உண்டு. அதனால்தான் ‘பொசிஷன்’ என்ற மாறியை நாம் எங்கும் அறிவிக்காமலே பயன்படுத்த முடிகிறது. அடுத்து, ‘வேகம்’ என்ற நம் சொந்த மாறி. பிறகு இரண்டு ஃபங்ஷன்கள்.

இந்த எட்டு ஒன்பது வரியில் இலக்கணத்தின் பெரும்பகுதி வந்துவிட்டது. ஆனால் வரிகளை எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. எந்த வரி எப்போது ஓடுகிறது என்று சொல்லத் தெரிய வேண்டும். கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் அந்த ‘எப்போது’ தெரியாததால் வருகிறவை.

சரி, எப்போது ஓடுகிறது? நான் எங்குமே ‘_ரெடி’யை அழைக்கவில்லையே?

நீங்கள் அழைக்க வேண்டியதில்லை, எஞ்சின் அழைக்கும். அடிக்கோடில் தொடங்கும் இந்தப் பெயர்கள் எஞ்சினோடு நமக்குள்ள ஒப்பந்தம். நோடு சீனுக்குள் (நோடுகள் சேர்ந்த காட்சிக்குள்) வந்து, அதன் பிள்ளை நோடுகள் எல்லாம் தயாரானதும் ‘_ரெடி’ ஒரே ஒரு முறை அழைக்கப்படும். பிள்ளைகளின் ‘_ரெடி’ முதலில், பெற்றோருடையது பிறகு. ‘_ப்ராசஸ்’ ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரை புதிதாக வரையப்படும் ஒவ்வொரு தடவைக்கும், ஒரு முறை. ‘_ஃபிசிக்ஸ்_ப்ராசஸ்’ சீரான இடைவெளியில், இயல்பு அமைப்பில் வினாடிக்கு 60 முறை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெயரில் ஓர் எழுத்து தவறினாலோ, முன்னால் உள்ள அடிக்கோட்டை விட்டாலோ, எந்த எரரும் வராது. ‘_ப்ராசஸ்’ என்பதற்குப் பதில் ‘ப்ராசஸ்’ மாதிரி ஏதோ எழுதிவிட்டால், நீங்களாகவே ஒரு புதிய ஃபங்ஷனை உருவாக்கியதாகத்தான் கோடோ எடுத்துக்கொள்ளும். இலக்கணப்படி அதில் பிழை இல்லை, ஆனால் அதை யாரும் அழைக்க மாட்டார்கள். என் முதல் மாதத்தில் எதிரி ஏன் அசையவில்லை என்று ஒரு முழு இரவு தேடியிருக்கிறேன். ஃபங்ஷனுக்குள் இருந்த ஒவ்வொரு வரியையும் மாற்றிப் பார்த்தேன். பெயரில் இரண்டு எழுத்து இடம் மாறியிருந்தது என்பது விடிந்த பிறகுதான் கண்ணில் பட்டது.

அன்றிலிருந்து என் பழக்கம்: புதிய ஃபங்ஷன் எழுதியதும் முதல் வரியாக ஒரு ப்ரின்ட். அது வெளியீட்டில் வருகிறதா என்று பார்த்த பிறகே உள்ளே மற்றதை எழுதுவேன். எஞ்சின் அழைக்கும் பெயர்களைக் கையால் தட்டாமல் எடிட்டரின் பரிந்துரையிலிருந்து தேர்ந்தெடுங்கள், பெயரோடு அடைப்புக்குள் இருக்க வேண்டியதும் சேர்ந்தே வரும்.

டேபா, ஸ்பேஸா? உள்தள்ளல் எரர் ஏன் வந்துகொண்டே இருக்கிறது?

எது எதற்குள் அடங்கும் என்பதைக் காட்ட சில மொழிகளில் நெளி அடைப்பு உண்டு. இங்கே வரியின் முன்னால் விடும் இடைவெளியே அந்த வேலையைச் செய்கிறது. ஃபங்க், இஃப், ஃபார், வைல் என்று தொடங்கும் வரியின் முடிவில் முக்காற்புள்ளி (:) வைத்து, அடுத்த வரியை ஒரு படி உள்ளே தள்ள வேண்டும். உள்ளே எழுத இன்னும் எதுவும் இல்லையென்றால் காலியாக விடக்கூடாது, ‘பாஸ்’ என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டு வையுங்கள்.

கோடோ எடிட்டர் இயல்பாக டேப் பயன்படுத்துகிறது. இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய பகுதியில் பெரும்பாலும் ஸ்பேஸ் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒரே கோப்பில் இரண்டும் கலந்தால் எரர் வரும். ஒட்டிய வரிகளின் முன்னிடத்தை அழித்துவிட்டு டேப் விசையால் திரும்ப இடுங்கள்.

எரர் வராத உள்தள்ளல் பிழைதான் ஆபத்தானது. இதைப் பாருங்கள்:

```
இஃப் உயிர் <= 0:
    ப்ரின்ட்("ஆட்டம் முடிந்தது")
க்யூ_ஃப்ரீ()
```

கடைசி வரி நோடை அழிக்கும் கட்டளை. அது இஃப்-க்குள் இருக்க வேண்டியது, ஒரு படி வெளியே வந்துவிட்டது. எனவே உயிர் எவ்வளவு இருந்தாலும் நோடு உடனே மறைந்துவிடும். ஓடுவதற்குத் தடையே இல்லை.

மாறியை எப்படி அறிவிப்பது? வகையைச் சொல்லியே ஆக வேண்டுமா?

‘வார்’ என்று தொடங்கிப் பெயரை எழுதினால் போதும், வகை கட்டாயம் இல்லை. மூன்று விதமாக எழுதலாம்:

```
வார் உயிர் = 3
வார் உயிர்: இன்ட் = 3
வார் உயிர் := 3
```

முதலாவதில் பிறகு ஒரு சரத்தையும் (எழுத்துத் தொடரையும்) போடலாம், மொழி தடுக்காது. இரண்டாவதில் முழு எண் மட்டும்தான். மூன்றாவது, வலப்பக்கத்தைப் பார்த்து வகையை நீயே முடிவு செய்துகொள் என்று சொல்வது. நான் எப்போதும் வகையோடுதான் எழுதுகிறேன். புதியவர்களுக்கும் அதையே சொல்வேன். வகை தெரிந்தால் எடிட்டரின் பரிந்துரைகள் துல்லியமாகும், தவறும் ஓட்டுவதற்கு முன்பே சிவப்பாகத் தெரியும்.

மாறாத மதிப்புக்கு ‘கான்ஸ்ட்’. ஃபங்ஷனுக்கு வெளியே அறிவித்த மாறி அந்த நோடு இருக்கும்வரை இருக்கும். உள்ளே அறிவித்தது அந்த அழைப்போடு முடிந்துவிடும். ‘_ப்ராசஸ்’ உள்ளே ‘வார் மதிப்பெண் = 0’ என்று எழுதிவிட்டு, மதிப்பெண் ஏறவே இல்லை என்று வருந்துகிறவர்களைப் பார்க்கிறேன். ஃபிரேமுக்கு ஒரு முறை அது புதிதாகப் பிறந்து பூஜ்யமாகிறது. அந்த ஒரு வரியை மேலே தூக்கி வைத்தால் சரியாகும்.

உயிர்ப் பட்டை முதல் அடியிலேயே 100-இலிருந்து 0-க்குப் போகிறது. ஏன்?

அநேகமாக ‘உயிர் / முழு_உயிர் * 100’ என்று எழுதியிருப்பீர்கள். இரண்டும் முழு எண்ணாக இருந்தால் வகுத்தலின் விடையும் முழு எண்தான், புள்ளிக்குப் பிறகு உள்ளது உதிர்ந்துவிடும். 5 / 5 என்பது 1, அதனால் தொடக்கத்தில் 100 சரியாக வருகிறது. ஓர் அடி வாங்கி 4 / 5 ஆனதும் 0.8 வர வேண்டிய இடத்தில் 0. அதை 100-ஆல் பெருக்கினாலும் 0.

```
வார் சதவீதம் := 100.0 * உயிர் / முழு_உயிர்
```

100.0 என்று புள்ளியோடு எழுதியதால் கணக்கு முழுவதும் தசமத்தில் நடக்கும். நான்கு உயிருக்கு 80 வரும். சில இடங்களில் எடிட்டர் மஞ்சள் எச்சரிக்கை காட்டும், அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

= எப்போது, == எப்போது?

ஒன்று ‘வை’, மற்றது ‘சமமா?’. இஃப் வரியில் ஒற்றைக் குறி போட்டால் கோடோ எரர் சொல்லி நிறுத்திவிடும். மறுபக்கம், மதிப்பை வைக்க வேண்டிய இடத்தில் இரட்டைக் குறி போட்டால் எச்சரிக்கை மட்டும்தான் வரும், வரி ஓடும், எதுவும் மாறாது. தசம எண்களை == கொண்டு ஒப்பிட வேண்டாம், அதற்கென்றே ‘இஸ்_ஈக்வல்_அப்ராக்ஸ்’ இருக்கிறது. இன்னொன்று, ++ என்ற குறி இந்த மொழியில் கிடையாது. ‘எண்ணிக்கை += 1’ என்றுதான் எழுத வேண்டும்.

டெல்டா என்பது என்ன? எல்லோரும் ஏன் அதால் பெருக்குகிறார்கள்?

முந்தைய ஃபிரேமுக்கும் இதற்கும் இடையில் கழிந்த நேரம், வினாடியில். 60 ஃபிரேம் ஓடும் திரையில் ஏறத்தாழ 0.0167.

பெருக்காமல் ‘பொசிஷன்.எக்ஸ் += 4’ என்று எழுதிப் பாருங்கள். வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கணினியில் 240 பிக்ஸல் நகரும். அதே ஆட்டம் 144 ஃபிரேம் ஓடும் திரையில் 576 பிக்ஸல். உங்கள் மேசையில் ஆடத் தகுந்ததாக இருந்தது நண்பரின் கணினியில் கட்டுக்கடங்காமல் பறக்கும். டெல்டாவால் பெருக்கியதும் ‘200.0’ என்ற எண்ணுக்கு ஒரு பொருள் வந்துவிடுகிறது: வினாடிக்கு 200 பிக்ஸல், எந்தக் கணினியிலும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கேரக்டர்பாடி2டி நோடில் ‘வெலாசிட்டி’யை வைத்து ‘மூவ்_அண்ட்_ஸ்லைடு’ அழைக்கும்போது நேரத்தால் பெருக்குவதை அதுவே செய்துகொள்ளும். நடக்கும் வேகத்தை நீங்களும் பெருக்கினால் பாத்திரம் நத்தையாகிவிடும். ஆனால் ஈர்ப்பு என்பது வேகத்தை ஏற்றிக்கொண்டே போவது, அதை வெலாசிட்டியில் கூட்டும்போது டெல்டாவால் பெருக்கத்தான் வேண்டும். இந்த இடத்தில் குழம்பாதவரே இல்லை. தாளில் ஒரு முறை அலகு போட்டு எழுதிப் பார்த்தால் தெளிந்துவிடும்.

இஃப், எலிஃப், மேட்ச் இவற்றில் எதை எடுப்பது?

நிபந்தனைகள் வெவ்வேறாக இருந்தால் இஃப், எலிஃப், எல்ஸ். ஒரே மாறியைப் பல மதிப்புகளோடு ஒப்பிடுவதானால் மேட்ச். மேட்ச்-இல் ஒன்று பொருந்தியதும் அதோடு நின்றுவிடும், அடுத்ததற்கு வழியாது. எதுவும் பொருந்தாதபோது என்பதற்கு ஒற்றை அடிக்கோடு. நிபந்தனைகளைச் சேர்க்க அண்ட், ஆர், நாட் என்ற சொற்களையே எழுதலாம்.

ஃபார் வளையம் 5 வரை ஓடச் சொன்னால் 4-இல் நிற்கிறதே?

எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குகிறது. ‘ஃபார் இ இன் 5:’ என்றால் 0, 1, 2, 3, 4. ஐந்து முறை ஓடிவிட்டது, சரிதான். ‘ரேஞ்ச்(1, 5)’ என்றாலும் 5 சேராது. பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் அரேயிலும் முதல் உறுப்பின் இடம் 0. கடைசி உறுப்புக்கு -1 என்று எழுதலாம், வசதியான ஒன்று.

வளையத்தில் கவனிக்க வேண்டியது வேறு. அரேயைச் சுற்றி வரும்போதே அதிலிருந்து உறுப்பை நீக்காதீர்கள். இரண்டாவதை நீக்கியதும் மூன்றாவது இரண்டாம் இடத்துக்கு வந்துவிடும், வளையமோ மூன்றாம் இடத்துக்குப் போயிருக்கும். ஆக ஓர் எதிரி சோதிக்கப்படாமலே தப்பிவிடுவான். கடைசியிலிருந்து முன்னோக்கி வாருங்கள்:

```
ஃபார் இ இன் ரேஞ்ச்(எதிரிகள்.சைஸ்() - 1, -1, -1):
    இஃப் எதிரிகள்[இ].உயிர் <= 0:
        எதிரிகள்.ரிமூவ்_அட்(இ)
```

ஓர் அரேயை நகலெடுத்து மாற்றினேன், மூலமும் மாறிவிட்டது. இது பிழையா?

இல்லை, நகல் எடுக்கப்படவே இல்லை. ‘வார் ஆ = அ’ என்று எழுதும்போது அரேயும், பெயர்-மதிப்பு இணைகளை வைக்கும் டிக்‌ஷனரியும் நகலாவதில்லை. ஒரே பெட்டிக்கு இரண்டாவது பெயர் சூட்டுகிறீர்கள், அவ்வளவே. உண்மையான நகலுக்கு ‘அ.டூப்ளிகேட்()’. உள்ளுக்குள் இன்னும் அரே இருந்தால் ‘டூப்ளிகேட்(ட்ரூ)’. எண், சரம், வெக்டர்2 ஆகியவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவை மதிப்பாகவே போகும்.

‘நல்’ மதிப்பில் அழைக்க முடியாது என்ற எரர் வருகிறது. என்ன செய்வது?

டாலர் குறியை ($) பாருங்கள். ‘$லேபிள்’ என்றால், இந்த நோடின் கீழ் ‘லேபிள்’ என்ற பெயரில் உள்ள பிள்ளையை எடு என்று பொருள். அந்தப் பெயரில் பிள்ளை இல்லையென்றால் கிடைப்பது ‘நல்’, அதாவது ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததிடம் உரையை மாற்று என்றால் எப்படி மாற்றும்?

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. சீன் பலகையில் நோடின் பெயரை மாற்றியிருப்பீர்கள், அல்லது வேறொரு நோடுக்குக் கீழே நகர்த்தியிருப்பீர்கள். இல்லையென்றால், நேரம் தவறியிருக்கும். மேலே மாறியை அறிவிக்கும் வரிகள், நோடு சீனுக்குள் வரும் முன்பே ஓடிவிடுகின்றன. அப்போது பிள்ளைகளைக் கேட்டால் யாரும் இருக்க மாட்டார்கள். அதற்குத்தான் ‘@ஆன்ரெடி’:

```
@ஆன்ரெடி வார் பலகை = $லேபிள்
```

‘_ரெடி’ ஓடும் தறுவாயில் இந்த மாறியை நிரப்பு என்று அர்த்தம். மீண்டும் அதே ‘எப்போது’தான்.

ஸ்கிரிப்டில் எண்ணை மாற்றினாலும் ஆட்டத்தில் எதுவும் மாறவில்லையே?

அந்த மாறிக்கு முன்னால் ‘@எக்ஸ்போர்ட்’ இருக்கிறதா? இருந்தால் அது இன்ஸ்பெக்டர் பலகையில் தெரியும், அங்கே ஒரு முறை கைவைத்து மாற்றிய மதிப்பு சீன் கோப்பில் சேமிக்கப்படும். பிறகு ஸ்கிரிப்டில் 200-ஐ 400 ஆக்கினாலும் சீனில் உள்ள 250-தான் வெல்லும். ஸ்கிரிப்டில் எழுதியிருப்பது வேறு மதிப்பு எதுவும் தராதபோது எடுத்துக்கொள்ள மட்டும். இன்ஸ்பெக்டரில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சுழல் அம்பு தெரியும். அதை அழுத்தினால் ஸ்கிரிப்டின் மதிப்புக்குத் திரும்பிவிடும்.

சிக்னல் எதற்கு?

நோடு ஒன்று, யார் கேட்கிறார்கள் என்று தெரியாமலே செய்தி சொல்ல. ‘சிக்னல் அடிபட்டது’ என்று அறிவித்து, அடி விழும் இடத்தில் ‘அடிபட்டது.எமிட்()’ என்று எழுதுங்கள். உயிர்ப் பட்டையும் ஒலி நோடும் அதோடு ‘கனெக்ட்’ செய்துகொண்டால் போதும். கனெக்ட் செய்யும்போது ஃபங்ஷனின் பெயரை அடைப்புக்குறி இல்லாமல் கொடுக்க வேண்டும். அடைப்புக்குறி போட்டால் அந்த நிமிடமே அது ஓடிவிடும்.

மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

கோடோ 4-இல் வைக்கலாம். ஆங்கிலம் அல்லாத எழுத்துகளையும் பெயர்களில் ஏற்கிறது. எமோஜிக்கும், ஆங்கில எழுத்தைப் போலவே தோற்றமளிக்கும் குறிகளுக்கும் அனுமதி இல்லை. பெயருக்குள் இடைவெளி கூடாது, எண்ணில் தொடங்கவும் கூடாது.

கற்கும் காலத்தில் நான் இதை மனதாரப் பரிந்துரைக்கிறேன். ‘வேகம்’, ‘எதிரிகள்’, ‘குதி’ என்று தமிழில் இருப்பதெல்லாம் நீங்கள் உருவாக்கியவை, ஆங்கிலத்தில் இருப்பதெல்லாம் எஞ்சின் தந்தவை என்று ஒரே பார்வையில் பிரிந்து தெரியும். இந்தப் பிரிவு புரிந்தவர் வேகமாக முன்னேறுவதைக் கண்டிருக்கிறேன். வேறு மொழிக்காரர்களோடு சேர்ந்து வேலை செய்யும்போது ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள்.

உரையாடல்களைத் தமிழில் காட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ‘தமிழ்’ என்ற சரத்தின் நீளத்தைக் கேட்டால் 3 வராது, 5 வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றும் உரையை அந்த எண்ணிக்கையை வைத்துச் செய்தால் ‘ம’ முதலில் வந்து பிறகு ‘மி’ ஆகும்.

எரர் காட்டும் வரியில் பிழையே இல்லை. எங்கே தேடுவது?

ஒரு வரி மேலே. அடைப்புக்குறியையோ மேற்கோளையோ மூடாமல் விட்டால், வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு மொழி கீழே போய்க்கொண்டே இருக்கும். எங்கே திகைத்து நின்றதோ அந்த வரியைத்தான் காட்டும். எரர் பத்து இருந்தால் முதலாவதை மட்டும் சரிசெய்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள், மற்றவற்றில் பல தானாகவே போய்விடும். ‘அறிவிக்கப்படாத பெயர்’ என்று வந்தால் எழுத்துப் பிழையா, பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த மொழிக்கு இரண்டும் வேறு வேறு.

காணொளியில் இருப்பதை அப்படியே எழுதினேன், எனக்கு மட்டும் ஓடவில்லை.

அந்தப் பாடம் கோடோ 3-க்கானதாக இருக்கலாம். அடையாளம் காண்பது எளிது. ‘எக்ஸ்போர்ட்’, ‘ஆன்ரெடி’ என்ற சொற்களுக்கு முன்னால் @ இல்லையென்றால் பழையது. ‘யீல்டு’ என்று வந்தால் பழையது, இப்போது ‘அவெய்ட்’. ‘இன்ஸ்டன்ஸ்()’ என்பது ‘இன்ஸ்டன்ஷியேட்()’ ஆகிவிட்டது. கைனமேட்டிக்பாடி2டி என்ற நோடுக்கு இப்போது கேரக்டர்பாடி2டி என்று பெயர். வெலாசிட்டியை ‘மூவ்_அண்ட்_ஸ்லைடு’-இன் அடைப்புக்குள் கொடுத்தால் அதுவும் பழைய முறை, இப்போது அடைப்பு காலியாக இருக்கும். இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும், வரி வரியாகத் திருத்திக்கொண்டிருக்காமல், 4-க்கான பாடத்தைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.